கோணல் இல்லாத உடம்பு

கல்லீரல் ஒன்றரைக் கிலோ என்று சீட்டில் எழுதியிருந்தது. மாஸ்டர் ஒன்றரைக் கிலோவே வைத்துத் தைத்தார். அதனால்தான் அவருடைய மனைவி இப்போது கண்ணாடிக்கு முன்னால் வலது பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நேரா நில்லு," என்றார் மாஸ்டர், உதட்டில் நான்கு குண்டூசியோடு.

"நான் நேராத்தான் நிக்கிறேன். உங்க கல்லீரல்தான் இழுக்குது."

"என் கல்லீரல் இல்ல. பாடத்துக் கல்லீரல்."

"யாரோடதா இருந்தா என்ன? கழுத்து என்னோடது."

அவள் கழுத்தில் தொங்கியது ஓர் அங்கி. சமையலறையில் கட்டிக்கொள்வதுபோல் முன்னும், அதற்கு இணையாகப் பின்னும் துணி தொங்கும். அதன்மேல் நுரையீரல், இதயம், இரைப்பை, குடல் என்று உறுப்புகள் ஒவ்வொன்றும் வண்ணத் துணியில் தைத்து, பிரஸ் பட்டனால் மாட்டப்பட்டிருந்தன. வேண்டும்போது பிய்த்து எடுத்துக் காட்டலாம், பிறகு திரும்ப மாட்டலாம். செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியையாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் மகளுக்காக மாஸ்டர் தைத்தது.

மாஸ்டருடைய கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் அங்கே தைத்துப் போன துணி எதுவும் ஆல்ட்டரேஷன் என்று படியேறி வந்தது கிடையாது. அவருடைய அப்பா காலத்தில் ஒரே ஒரு கோட்டு திரும்பி வந்தது. அதிலும் தையலில் குறையில்லை, கோட்டுக்காரர் இடையில் பெருத்துவிட்டார். அந்த மனிதரைப் பெரியவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. அப்படிப்பட்ட குடும்பம்.

அது மட்டுமில்லை. தோள் ஒரு பக்கம் இறங்கியவர்கள், நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் ஏறியவர்கள் எல்லாம் மாஸ்டரிடம் வந்தால் நிமிர்ந்த ஆட்களாகத்தான் வெளியே போவார்கள். இறங்கிய தோளுக்கு உள்ளே ஒரு மடிப்புக் கேன்வாஸ், ஏறிய இடுப்புக்கு டார்ட் என்று ஒரு சின்னப் பிடிப்பு. "ஆண்டவன் வெட்டுல விட்டதை நாம தையல்ல சரி பண்ணணும்," என்பது அவர் பேச்சு. வாடிக்கையாளர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

போன வியாழக்கிழமை மகள் ஒரு பெரிய வண்ணப் படத்தையும், அளவுகள் எழுதிய சீட்டையும் கொண்டுவந்து கட்டிங் மேஜைமேல் விரித்தாள்.

"இந்த மாதிரி அங்கி கம்பெனியில ரெடிமேடாவே கிடைக்குதாம்ப்பா. ஒண்ணு வாங்கிக்கட்டுமா?"

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். அவர் வேலை நடுவில் கத்தரியைக் கீழே வைத்தால் வீட்டில் எல்லாரும் சற்று நகர்ந்து நின்றுகொள்வார்கள்.

"இந்தக் கடையில பொறந்த பொண்ணு, ரெடிமேடைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னால போய் நிக்கப் போறியா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப நீங்களே தைங்கப்பா. ஆனா படத்துல இருக்கிற மாதிரியே இருக்கணும். ஒண்ணையும் திருத்திடாதீங்க."

"எனக்கே சொல்றியா?"

"சொல்லலப்பா. சும்மா பேச்சுக்கு."

இன்று மூன்று மணிக்கு அவள் அதை அணிந்துகொண்டு பாடம் நடத்த வேண்டும். தலைமை ஆசிரியை வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் இந்த மாதத்தோடு சரி. அந்தக் குடும்பத்தில் சாக்குக்கட்டியைத் துணியில் பிடிக்காமல் கரும்பலகையில் பிடித்த முதல் ஆள் அவள்தான். மாஸ்டர் இதை யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் எப்படியோ பத்து நிமிஷத்துக்குள் தெரிந்துகொண்டுதான் போனார்கள்.

இப்போது மணி பத்து. கல்லீரல் இழுத்துக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் என்ன இருக்கு?" என்று மாஸ்டர் படத்தைப் பார்த்தார். "மண்ணீரல். நூற்றைம்பது கிராம். அந்தப் பக்கம் ஒன்றரைக் கிலோ, இந்தப் பக்கம் ஒரு கைப்பிடி. இப்படி வெட்டினா எந்த உடம்பு நேரா நிக்கும்?"

"எல்லார் உடம்பும் நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?" என்றாள் மனைவி.

"உள்ளுக்குள்ள எவ்வளவு அவஸ்தைப்படுதுன்னு யாருக்குத் தெரியும்?"

மூலையில் பட்டன் துளைகளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த காஜா அக்கா, தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எனக்குத் தெரியும் மாஸ்டர். இருபது வருஷமா இந்த ஸ்டூல்ல உக்கார்ந்திருக்கேன்."

மாஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் கல்லீரலுக்குச் சமமான அகலத்தில், சமமான எடையில், ஊதா நிறத்தில் ஒரு மண்ணீரல் தயாரானது. மாட்டினார். மனைவி நேராக நின்றாள். அடுத்த கணம் மூன்று கிலோவும் சேர்ந்து இழுக்க, வணக்கம் சொல்கிறவள்போல் முன்னால் குனிந்தாள்.

"நிமிரு."

"முடியலங்க. கழுத்து கழன்றுடும்போல இருக்கு. இதை மாட்டிக்கிட்டு நம்ம பொண்ணு ஒரு மணி நேரம் பேசணுமா?"

"மாஸ்டர்," என்றாள் காஜா அக்கா, "எடை எழுதினது சொல்றதுக்கா இருக்கும். உள்ள மணலுக்குப் பதிலா பஞ்சு வச்சா என்ன?"

"சீட்டுல ஒன்றரைன்னு போட்டிருந்தா ஒன்றரைதான். அளவைக் குறைச்சுத் தைக்கிறது நம்மகிட்ட கிடையாது." சிறுகுடல் ஆறு மீட்டர் என்று எழுதியிருந்ததற்கு ஆறு மீட்டர் ரோஜா நிற சாட்டின் துணியைக் குழாயாகத் தைத்து, அதை ஃப்ரில்போலச் சுருக்கி மடித்து வயிற்றுக்குள் அடக்கியவர் அவர். அதைச் செய்து முடித்தபோது, உண்மையான குடலும் இப்படித்தான் ஒரு மெல்லிய சவ்வில் ஃப்ரில் பிடித்ததுபோல் மடிந்து கிடக்கிறது என்று படத்தின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, ஆண்டவன்மேல் முதல் தடவையாகத் தொழில் மரியாதை வந்தது அவருக்கு.

ஆனாலும் மனைவி குனிந்தபடியே நின்றதால், மகளுக்குப் போன் போட்டார்.

"பஞ்சு வைங்கப்பா," என்றாள் மகள். "எடை நான் வாயால சொல்றதுக்கு. வேற ஏதாவது மாத்தினீங்களா?"

"நான் என்னத்தை மாத்தப் போறேன்?"

"ஒண்ணும் மாத்தலதானே?"

"அப்படியே இருக்கு."

"நல்லதுப்பா." மறுமுனையில் ஓர் இருமல் கேட்டது. பள்ளிக்கூடத்தில் தூசு அதிகம்போலும் என்று நினைத்துக்கொண்டார்.

மணலைக் கொட்டிவிட்டுப் பஞ்சு வைத்தார்கள். அங்கி லேசாகிவிட்டது. எந்தப் பக்கமும் சாயவில்லை.

"இனிமே மண்ணீரலைப் பழைய மாதிரி சின்னதாக்கிடலாமே மாஸ்டர்?" என்று கேட்டாள் காஜா அக்கா.

மாஸ்டர் மூன்றடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஒரு பக்கம் கல்லீரல், மறு பக்கம் மண்ணீரல். கோட்டுக்கு இரண்டு பாக்கெட் வைத்ததுபோல் ஜோராக இருந்தது.

"அழகா இருக்கு. விடு."

இங்கேதான் வினை ஆரம்பித்தது. கீழே இரண்டு பக்கமும் சமமாக அமைந்தவுடன், மேலே இருந்த கோணல் கண்ணை உறுத்தியது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல். இடது நுரையீரலுக்கு இரண்டே மடல்.

"பார்த்தியா? அச்சடிக்கிறவன் தூங்கிட்டான்."

"படத்துல அப்படித்தானேங்க இருக்கு?"

"ஒரு கையை முழுசா வச்சு இன்னொரு கையை அரைக்கையா வச்சு எவனாவது சட்டை தைப்பானா?"

இடது நுரையீரலுக்கு ஒரு மடல் கூடுதலாகத் தைத்தார். அதை மாட்டியதும், இடது பக்கத்தில் இருந்த பள்ளத்தில் சொகுசாக உட்கார்ந்திருந்த இதயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. இதயத்தை எடுத்து நடுவில் வைத்தார். அது கீழ்முனை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதையும் நிமிர்த்திச் செங்குத்தாக நிறுத்தினார்.

"இதயம்னா நடுவுல, நேரா இருக்கணும்," என்றார்.

நடுவில் நேராக நின்ற இதயம் கீழே இறங்கி இரைப்பையை முட்டியது. இரைப்பையோ ஒரு பக்கமாகச் சரிந்த துருத்திபோல் வளைந்து கிடந்தது. பிரித்து, வாய் மேலேயும் அடி கீழேயுமாக, சுருக்குப்பை மாதிரி நிமிர்த்தித் தைத்தார். இரைப்பை நிமிர்ந்ததும் அதைச் சுற்றிச் சட்டம்போல் ஓடிய பெருங்குடலின் இடது மூலை வலது மூலையைவிட உயரமாக இருப்பது தெரிந்துவிட்டது. அடிக்கோல் வைத்து இரண்டு மூலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். பின்பக்கத் துணியில் சிறுநீரகங்கள் இருந்தன. வலது சிறுநீரகம் அரை அங்குலம் இறங்கியிருந்தது. அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அளவெடுக்காம வச்சிருக்கான்," என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டையும் சமமாக்கினார்.

கடைசியில் பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலது ஓரத்தில், எலிவால் நீளத்துக்கு ஏதோ தொங்கியது. எதிலும் போய்ச் சேரவில்லை. பிசிறு என்று நினைத்து நறுக்கென்று வெட்டிவிட்டார்.

மணி ஒன்றேமுக்கால். அங்கியைக் கொக்கியில் மாட்டிவிட்டு நின்று பார்த்தார். நடுக்கோட்டில் மடித்தால் ஒரு பாதி மறு பாதியோடு இம்மி பிசகாமல் பொருந்தும். முப்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான வேலை அவர் கையிலிருந்து வந்ததில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் படத்தைப் பார்த்தாள், அங்கியைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள்.

"நீங்க மனுஷனையே திருத்திட்டீங்க," என்றாள். அது பாராட்டா இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, வெள்ளைக் கோட்டு வாங்கிப் போகக் கம்பவுண்டர் வந்தார். ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருஷம் பழுத்தவர். உள்ளே வந்ததும் கோட்டைக் கேட்கவில்லை. கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், இது யாரு?"

"மனுஷன்."

"எங்க இருக்கான்? நான் பார்த்ததே இல்லையே."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "ஏன், என்ன குறை?"

"குறையே இல்ல. அதான் குறை." கம்பவுண்டர் அங்கியைத் திருப்பினார். "வலது சிறுநீரகம் கொஞ்சம் இறங்கித்தானே இருக்கும்?"

"உங்களுக்கு வேணா இறங்கியிருக்கும்."

"எனக்கு மட்டும் இல்ல மாஸ்டர், அனேகமா எல்லாருக்கும். மேல கல்லீரல் உக்கார்ந்திருக்கு, அது பெரிய ஆளு. அதனால இது கொஞ்சம் கீழ இறங்கி உக்காருது. இடது நுரையீரலுக்கு ஏன் ரெண்டு மடல்? இதயத்துக்கு இடம் வேணும், அது நகர்ந்து கொடுக்குது. ஒண்ணுக்கு ஒண்ணு விட்டுக் கொடுத்துக்கிட்டு உள்ள குடித்தனம் பண்ணுதுங்க. நீங்க எல்லாத்தையும் வரிசையில நிக்க வச்சிருக்கீங்க. குடல்வால் எங்க?"

"எது?"

"இங்க ஒரு வால் தொங்குமே."

மனைவிதான் பதில் சொன்னாள்: "பெருக்கித் தள்ளிட்டேன் அண்ணே."

"பேஷ். ஆபரேஷன் தியேட்டரே வேணாம்னு சொல்லுங்க," என்று கம்பவுண்டர் சிரித்தார். மாஸ்டருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கோட்டை எடுத்துக்கொண்டு, நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்து, ஒன்றும் கிடைக்காமல் படியிறங்கிவிட்டார்.

மாஸ்டர் படத்தை எடுத்து அங்கிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப படம் சரியா?" என்றார் மாஸ்டர் மெதுவாக.

"படம் சரிங்க," என்றாள் மனைவி. சொல்லிக் காட்டும் குரலில் இல்லை. அதுதான் அவரை இன்னும் சுட்டது.

மணி இரண்டேகால். பிரிக்க உட்கார்ந்தார்கள். மூன்று பேரும் மூன்று பக்கம் தையல் பிரித்தார்கள். அவசரத்தில் பிரஸ் பட்டனைப் பிடுங்கிய இடத்தில் ஓட்டை விழுந்தது. ஓட்டையை மறைக்கக் காஜா அக்கா ஓர் ஒட்டுத் துணி வைத்தாள்.

"அது என்ன, அங்க ஒரு கட்டி?" என்று பதறினார் மாஸ்டர்.

"ஒட்டு மாஸ்டர்."

"எடு, எடு! வியாதின்னு நினைச்சுக்குவாங்க."

எடுத்தாள். அதை எடுக்கும்போது எந்த நூலை இழுத்தாளோ, ஃப்ரில் பிடித்த ஓட்டுத்தையல் சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது. ஆறு மீட்டர் சிறுகுடலும் மளமளவென்று சரிந்து மேஜையிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து வாசல்படிக்கும் இறங்கியது. அதைச் சுருட்டி எடுத்தபோது மணி இரண்டு முப்பத்தைந்து. பள்ளிக்கூடம் மூன்று தெரு தள்ளி.

"போதும்," என்றார் மாஸ்டர். பிரித்ததையெல்லாம் தான் திருத்தி வைத்திருந்தபடியே திரும்ப மாட்டி, எல்லாவற்றையும் பைக்குள் திணித்தார். "நேர்ல போய் சொல்லிடறேன். இதைப் போடாதேன்னு சொல்லிடறேன். படத்தை வச்சே நடத்தட்டும்."

தெருவில் அவர் நடந்த வேகத்துக்குப் பையின் வாயிலிருந்து குடலின் ஒரு முனை வெளியே வந்தது அவருக்குத் தெரியவில்லை. திருப்பத்தில் பெட்டிக்கடைக்காரர் கூப்பிட்டார்.

"மாஸ்டர், பின்னால ஏதோ வருது!"

திரும்பிப் பார்த்தால், ரோஜா நிறத்தில் நாலு மீட்டர், வளைந்து நெளிந்து தெருவில் வந்துகொண்டிருந்தது. ஒரு நாய் அதன் கடைசி முனையை மரியாதையாக முகர்ந்தபடி கூடவே வந்தது.

"என்ன மாஸ்டர் அது?"

"குடல்," என்றார் மாஸ்டர், வேறு வழியில்லாமல்.

பெட்டிக்கடைக்காரர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டர் அதை இஞ்ச் டேப்பைச் சுற்றுவதுபோல் முழங்கையில் சுற்றிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, பக்கத்தில் பார்க்காமல் நடந்தார். அந்தக் குடும்பத்து ஆள் எந்த நிலையிலும் தெருவில் ஓடி யாரும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்து வாசலிலேயே மகள் நின்றுகொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது. பையையும் முழங்கையிலிருந்த குடலையும் வாங்கிக்கொண்டாள்.

"நல்லவேளை வந்துட்டீங்கப்பா."

"இரும்மா, ஒரு நிமிஷம் கேளு. அதைப் போட்டுக்காதே. அதுல—"

"நேரமாச்சுப்பா. நீங்களும் உள்ள வாங்க, கடைசி பெஞ்சுல உக்காருங்க."

"நான் சொல்றதைக் கேளேன்!"

அவள் போய்விட்டாள்.

வகுப்பில் இருபத்தாறு மாணவிகள். சுவரோரம் தனி நாற்காலியில் தலைமை ஆசிரியை. கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டு இறுகியதுபோன்ற முகம், மடியில் நோட்டுப் புத்தகம். மாஸ்டர் கடைசி பெஞ்சில், முழங்கால் மேஜையில் இடிக்க, உட்கார்ந்தார். அளவெடுக்க நிற்கும் ஆளைப்போல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மகள் அங்கியோடு வந்து நின்றாள். கச்சிதமாக இருந்தது. கழுத்து, தோள், துணி விழும் அழகு எதிலும் ஒரு சொல் சொல்ல முடியாது. உள்ளே இருந்த மனிதன்தான் தப்பு.

"உடம்பைப் பத்திப் பேசும்போது முதல்ல எப்படி நிக்கணும்?" என்றாள் மகள். "நேரா. முகம் முன்னால. கை ரெண்டும் பக்கத்துல. உள்ளங்கை முன்பக்கம் பார்த்து. இதுக்கு உடற்கூறு நிலைன்னு பேரு. வலதுன்னு சொன்னா உங்க வலது இல்ல, என் வலது. தலைப் பக்கம் மேல், கால் பக்கம் கீழ். தொப்புள் முன்புறம், முதுகு பின்புறம். சரி. இப்ப இந்த உடம்பை நல்லாப் பாருங்க. என்ன தெரியுது?"

இரட்டைச் சடை போட்ட ஒருத்தி கையைத் தூக்கினாள். "டீச்சர், இடது நுரையீரலுக்கு மூணு மடல் இருக்கு."

தலைமை ஆசிரியை நோட்டில் எழுதினார். பேனா போகும் சத்தம் மாஸ்டருக்குத் துணி கிழிவதுபோல் கேட்டது.

"டீச்சர், இதயம் நட்ட நடுவுல நிக்குது."

மறுபடி பேனா.

"மண்ணீரல் கல்லீரலுக்கு அண்ணன் மாதிரி இருக்கு டீச்சர்!" யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகள் திரும்பி நின்றாள். "ரெண்டு சிறுநீரகமும் ஒரே மட்டத்துல இருக்கு!"

மாஸ்டர் எழுந்து நின்றார். பெஞ்ச் கிறீச்சிட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"அம்மா," என்றார் தலைமை ஆசிரியையைப் பார்த்து. "இந்த அங்கியைத் தைச்சது நான். பொண்ணு படத்தைச் சரியாத்தான் கொடுத்தா. ஒண்ணையும் திருத்தாதீங்கன்னு சொல்லித்தான் கொடுத்தா. கேக்காதது நான். முப்பத்தொரு வருஷமா என் கடையில ஒரு துணி ஆல்ட்டரேஷனுக்கு வந்ததில்ல. இதை நானே கேட்டு வாங்கிக்கிறேன். தப்பு என் கையில. அவ பேர்ல எழுதாதீங்க."

தலைமை ஆசிரியை பேனாவை மூடி, மகளைப் பார்த்தார்.

மகள் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கலங்கவில்லை.

"உக்காருங்கப்பா," என்றாள். "இன்னும் மூணு பாக்கி இருக்கு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆனால் அது அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை. தேடுகிறவர்களின் உற்சாகம். மாணவிகள் பெஞ்சை விட்டு எழுந்து முன்னால் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இரைப்பை நிமிர்ந்திருப்பதை ஒருத்தி பிடித்தாள். ஏன் நிமிரக்கூடாது என்று மகள் கேட்க, அவர்களே சொன்னார்கள். பெருங்குடலின் மூலைகளை இன்னொருத்தி ஸ்கேல் வைத்துக் கண்டுபிடித்தாள். கடைசி ஒன்றுதான் கிடைக்கவில்லை. இருப்பதில் தப்புக் கண்டுபிடிப்பது சுலபம், இல்லாததை எப்படிப் பார்ப்பது? இரட்டைச் சடைக்காரி தவித்துப்போய் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் எங்கோ ஜன்னலைப் பார்ப்பவர்போல் இருந்தார். ஆனால் மடியிலிருந்த இரண்டு விரல்கள் கத்தரிபோல் ஒரு தரம் திறந்து மூடின.

"குடல்வால்! டீச்சர், குடல்வாலைக் காணோம்!"

சிறுகுடலின் இரண்டு முனையையும் இரண்டு பேரிடம் கொடுத்து வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பிடிக்கச் சொன்னாள் மகள். ஆறு மீட்டர். அளவு குறைவில்லை. அந்த ஒன்றிலாவது மானம் நின்றது என்று மாஸ்டர் மூச்சு விட்டார்.

கடைசியாக அங்கியின் பக்கவாட்டுப் பையைத் திறந்தாள். உள்ளே வட்டமான ஒரு சிறு உறை, அதற்குள் உட்கருவாக ஒரே ஒரு பட்டன். "இது ஒரு செல். ஒரே மாதிரி செல்லுங்க சேர்ந்து ஒரே வேலையைச் செஞ்சா அது திசு. திசு நாலு வகை. தொட்டுப் பாருங்க." நான்கு துண்டுத் துணிகள் கைக்குக் கை போயின. மேலேயும் உள்ளேயும் போர்த்தும் எபிதீலியத் திசுவுக்கு வழவழப்பான லைனிங் துணி. எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும் இணைப்புத் திசுவுக்குக் கேன்வாஸ். இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் தசைத் திசுவுக்கு எலாஸ்டிக். சேதி கொண்டுபோகும் நரம்புத் திசுவுக்கு வெள்ளை நூல் பின்னல்.

தலைமை ஆசிரியை அந்தக் கேன்வாஸ் துண்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "எந்தத் திசுவுக்கு எந்தத் துணின்னு யார் முடிவு பண்ணது?"

"அப்பா," என்றாள் மகள். "வேலை என்னன்னு மட்டும் சீட்டுல எழுதினேன். துணி அவர் எடுத்தது."

"இதுல ஒரு தப்பும் இல்லையே," என்றார் தலைமை ஆசிரியை. அந்த இறுகிய முகத்தில் ஒரு பட்டன் கழன்றது. "பதினெட்டு வருஷமா இந்தப் பாடத்தை உக்காந்து கேக்கிறேன். யாரும் கொட்டாவி விடாதது இன்னிக்குத்தான். ஆபீசுக்கு வாங்க டீச்சர், கையெழுத்துப் போட்டுடலாம்."

மகள் தலைமை ஆசிரியையோடு உள்ளே போயிருந்தாள். மாஸ்டர் அலுவலக அறையில் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டச்சுக்காரம்மா கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டருக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"பார்த்தீங்களா என் பொண்ணை? பாதி வகுப்புல போய் மாட்டிக்கிட்டா. வேற யாரா இருந்தாலும் அழுதிருப்பாங்க. இவ என்ன பண்ணா? என் தப்பையே பாடமாக்கிட்டா. யோசிக்க ஒரு நொடிதான் இருந்திருக்கும். அந்தச் சமயோசிதம் எங்க குடும்பத்து ரத்தம்."

தட்டச்சுக்காரம்மா கையிலிருந்த கோப்பைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு பக்கத்தைப் பார்த்தார்.

"நொடியிலயா? இந்த ஏழு தப்பையும் வரிசையா எழுதி, மேல ‘தைப்பவர்: என் அப்பா’ன்னு போட்டு, போன மாசமே எங்கிட்ட தட்டச்சுக்குக் கொடுத்துட்டாங்களே ஐயா!"